ஊராட்சிப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. எந்த ஊர் கிராம சபைக்குப் போனாலும் பணம் பற்றிய சந்தேகங்கள் மட்டும் அச்சு மாறாமல் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். இது கிராம ஊராட்சிக்கு மட்டும். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக்குச் சட்டமும் வேறு, வரி விகிதமும் வேறு.

1. எங்க பஞ்சாயத்துக்குன்னு சொந்த வருமானம் இருக்கா? எல்லாம் கவர்மெண்ட் குடுக்கிறதுதானே?

இருக்கிறது. ஊராட்சிக்கு மூன்று வழிகளில் பணம் வருகிறது. முதலாவது, ஊராட்சியே கேட்பு (யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு) போட்டு, ரசீது கிழித்து வாங்குவது: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், ஏலத்தொகை. இது சொந்த வருவாய். இரண்டாவது, அரசு வசூலித்து, சட்டப்படி ஊராட்சிக்குச் சேர வேண்டியது என்று ஒப்படைப்பது. பத்திரப் பதிவில் பிடிக்கும் கூடுதல் தீர்வை இந்த வகை. மூன்றாவது மானியம்: மாநில நிதி ஆணையம் வழியாக வருவது ஒன்று, மத்திய நிதி ஆணையம் வழியாக வருவது இன்னொன்று.

பெரும்பாலான ஊர்களில் மூன்றாவதுதான் பெரிய தொகை. ஆனால் யாரையும் கேட்காமல், ஊராட்சி மன்றத் தீர்மானம் ஒன்றை மட்டும் வைத்துச் செலவழிக்க வழிவிடுவது முதல் வகைதான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகக் கிடைக்கும்.

2. சொந்த வருமானம்னா வீட்டு வரி மட்டும்தானா?

வீட்டு வரி முதுகெலும்பு. அதற்கு அடுத்தது தொழில் வரி. பள்ளி, வங்கிக் கிளை, தொழிற்சாலை இருக்கும் ஊரில் தொழில் வரி வீட்டு வரியைத் தாண்டுவதும் உண்டு. வரி அல்லாத வகையில் குடிநீர்க் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், மனைப்பிரிவுக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, ஊருணி மீன் குத்தகை, மரங்களின் மகசூல் ஏலம், ஊராட்சிக் கடை வாடகை, அபராதம் எல்லாம் சேரும்.

முன்பு விளம்பர வரியும் இருந்தது. ஜி.எஸ்.டி.க்காக 2016இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது அந்த வரியைப் போடும் அதிகாரமே எடுக்கப்பட்டுவிட்டது. கேளிக்கை வரி மட்டும் உள்ளாட்சிகளுக்கு என்று விட்டுவைக்கப்பட்டது. சினிமா கொட்டகையே இல்லாத ஊருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை.

3. வீட்டு வரிய எப்படிக் கணக்குப் போடறாங்க? பக்கத்து வீட்டுக்கு நூறு, எனக்கு மட்டும் நானூறா?

வீட்டின் தரைப் பரப்பையும் அது எந்த வகைக் கட்டடம் என்பதையும் (கூரை, ஓடு, கான்கிரீட்) வைத்துத்தான் கணக்கு. குறைந்தபட்ச விகிதத்தையும் அதிகபட்ச விகிதத்தையும் அரசு நிர்ணயித்திருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் தன் ஊருக்கு எவ்வளவு என்பதை ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்யும். ஒரு பேச்சுக்கு, கான்கிரீட் வீட்டுக்குச் சதுர அடிக்கு 50 காசு என்று தீர்மானம் இருந்தால், 800 சதுர அடி வீட்டுக்கு வருடம் 400 ரூபாய். அதன்மேல் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி, ஆக 440. இந்த 40 ரூபாய் ஊராட்சியின் பணமில்லை. வாங்கி நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் பல வருடம் வைத்திருந்து தணிக்கையில் மாட்டுவது வழக்கமான கதை.

பக்கத்து வீட்டுக்கு நூறு ரூபாய் என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கூரையைப் பிரித்து மாடி வைத்துவிட்டார்கள், பதிவேட்டில் இன்னும் கூரை வீடு. யாரும் போய் நாடா பிடித்து அளக்கவில்லை. உங்கள் வரி தவறு என்று தோன்றினால் வீட்டின் நீளம், அகலம், கட்டட வகை, கேட்புத் தொகை நான்கையும் எழுதி, மறு அளவீடு கேட்டு மனுக் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 'அவருக்குக் கம்மி' என்று எழுதினால் மனு நிற்காது. உங்கள் வீட்டின் அளவு தவறு என்று எழுதினால் அளந்தே தீர வேண்டும்.

4. கடைக்கும் குடோனுக்கும்கூட 'வீட்டு வரி' ரசீது குடுக்கிறாங்களே, தப்பா எழுதிட்டாங்களா?

தப்பில்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 'வீடு' என்ற சொல்லுக்குக் கடை, பட்டறை, கிடங்கு, பேருந்து நிறுத்தும் கொட்டகை வரைக்கும் பொருள் உண்டு. பொது வழியிலிருந்து தனித் தலைவாசல் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். அண்ணன், தம்பி சுவர் எழுப்பி ஆளுக்கொரு வாசல் வைத்துவிட்டால் அது இரண்டு வீடு, இரண்டு கேட்பு.

வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசின் சொத்துக்கு வரி போட முடியாது. அதை அரசியலமைப்பின் 285ஆவது பிரிவே தடுக்கிறது.

5. கட்டலைன்னா என்ன பண்ணிடுவாங்க? பத்து வருசமா கட்டாதவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?

சட்டத்தில் பல் இருக்கிறது. கேட்பு அறிவிப்பு, அதற்கும் அசையாவிட்டால் அசையும் பொருளை ஜப்தி செய்வது, அதற்கு மேல் வழக்கு என்று படிப்படியாகப் போகலாம். அரசுக்குச் சேர வேண்டிய நிலவரி போக, அந்த வீட்டின் மேல் முதல் பாத்தியதை வீட்டு வரிக்குத்தான். ஆனால் சொந்த ஊரில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வர எந்தத் தலைவருக்கும் மனம் வராது. அடுத்த தேர்தல் கண்முன் நிற்கும். அதனால் நிலுவை கூடிக்கொண்டே போகிறது.

நிஜத்தில் வசூல் ஆவது வேறு தருணங்களில்: பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு, வரைபட அனுமதி, ஏதாவது சான்று. அப்போது நிலுவை முழுவதும் கேட்கப்படும். இன்னொன்று வேட்புமனு சமயம். முறையாக அறிவிப்புக் கொடுத்தும் ஊராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கத் தகுதி இழக்கிறார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊராட்சி அலுவலக வாசலில் வரிசை நீள்வதற்குக் காரணம் அதுதான்.

6. வீட்டு வரி ரசீது என் பேர்ல இருக்கு. இடம் எனக்குச் சொந்தம்தானே?

இல்லை. ரசீது காட்டுவது இந்தக் கட்டடத்துக்கு இவர் வரி கட்டினார் என்பதை மட்டும்தான். உரிமைக்குப் பத்திரம், பட்டா வேண்டும். புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி போடுவார்கள். அதனால் அந்த இடம் உங்களுடையதாகிவிடாது. அதேபோல, வரி ரசீது கட்டட அனுமதியும் ஆகாது. அனுமதி தனி விஷயம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணைய வழியிலேயே வாங்கலாம்.

7. நான் இருக்கிறது ஒரு ஊர், வாத்தியார் வேலை பார்க்கிறது இன்னொரு ஊர். தொழில் வரி யாருக்கு?

வேலை பார்க்கும் இடம் எந்த ஊராட்சியோ அதற்கு. சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளியோ சம்பளம் போடும் அலுவலரோ பிடித்துக் கட்டுவார். அரையாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரிலும் மார்ச்சிலும் முடியும் கணக்கு. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் படிநிலைப்படி ஏறும். யாரிடமும் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு வைத்த அந்த உச்சவரம்பு 1988இல் 250லிருந்து 2,500 ஆனது; அதன்பின் நகரவே இல்லை.

இதில் ஊராட்சிகள் கோட்டை விடுவது தனியார் இடங்களில். அரசுப் பள்ளி ஆசிரியரிடம் தவறாமல் பிடிபடுகிறது. அதே சாலையில் இருக்கும் தனியார் பள்ளி, அரிசி ஆலை, பெட்ரோல் பங்க் ஆட்களின் பட்டியலே ஊராட்சியிடம் இருக்காது. வருடம் இருமுறை நிறுவனங்களுக்கு எழுத்தில் பணியாளர் பட்டியல் கேட்டாலே வசூல் கூடும்.

8. தண்ணிக்கு மாசம் 30 ரூபாய் கேக்கறாங்க. தண்ணி கடவுள் குடுத்தது, அதுக்கு என்ன காசு?

தண்ணீருக்குக் காசில்லை, அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதற்குத்தான் காசு. ஒரு 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 5.6 கிலோவாட் இழுக்கும். தினம் 6 மணி நேரம் ஓடினால் 34 யூனிட் சுமார்; மாதம் 1,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள்: 8,000 ரூபாய். 200 இணைப்பு, எல்லோரும் ஒழுங்காக 30 ரூபாய் கட்டினாலும் வருவது 6,000. டேங்க் ஆபரேட்டர் சம்பளம், குளோரின் பவுடர், கோடையில் காயில் எரிந்தால் மோட்டாரைத் தூக்கிக் கட்டும் செலவு இதில் சேரவில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வரும் ஊர் என்றால் குடிநீர் வாரியத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. ஊருக்குள் போடும் அமைப்புக்கு மக்கள் பங்காகச் செலவில் 10 சதவீதம் (மலை, வனப்பகுதிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம்) என்பது திட்ட விதி. குழாய் போடும் பணம் திட்டத்தில் வந்துவிடும். பத்து வருடம் அதை ஓட்டும் செலவு ஊராட்சியின் தலையில்.

9. நிலம் வாங்கினா அதில் பஞ்சாயத்துக்கும் பங்கு உண்டாமே?

உண்டு, கணிசமாகவே. பொது விகிதப்படி கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள மனைக்கு 1,00,000 + 40,000 + 40,000. நடுவில் இருக்கும் 40,000 உள்ளாட்சிகளுக்கு உரியது. பத்திரம் முடித்த அன்றே உங்கள் ஊர்க் கணக்கில் ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். அரசு வசூலித்து, ஒரு பகுதியை மாநில அளவில் தொகுத்துத்தான் பிரிக்கிறது. வர மாதக்கணக்கில் ஆகும். புறநகர் ஊராட்சிகள் வசதியாக இருப்பதற்கும், பத்திரம் பதியவே பதியாத மேட்டுக்காட்டு ஊராட்சிகள் திணறுவதற்கும் இது பெரிய காரணம்.

10. வயலுக்குத் தீர்வை கட்டறோமே, அது பஞ்சாயத்துக்கா?

நிலவரி வருவாய்த் துறைக்கு. கிராம நிர்வாக அலுவலர் வசூலிப்பது. ஆனால் நிலவரி ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் தல வரி சேர்த்துப் பிடிக்கப்படும், அது உள்ளாட்சிக்கு வரும். நிலவரியே சொற்பம் என்பதால் இதுவும் சொற்பம். குவாரி இருக்கும் ஊருக்குச் சிறு கனிமங்களின் உரிமத்தொகை வேறு கணக்கு. அது பெரிய தொகையாக வரலாம். குவாரி லாரி ஓடி நொறுங்கும் சாலையும் அதே ஊரில்தான் இருக்கும்.

11. சந்தை ஏலம், புளியமர ஏலம் எல்லாம் ஒரே ஆளுக்கே போகுதே, எப்படி?

ஏலம் நடக்கப்போவது அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்திருப்பதால். முறை என்னவென்றால், முந்தைய ஆண்டுகளின் ஏலத்தொகையைப் பார்த்துக் ஏலம் தொடங்கும் குறைந்தபட்சத் தொகையை நிர்ணயிக்க வேண்டும். தேதி, இடம், முன்வைப்புத் தொகை எல்லாம் போட்டு அறிவிப்பு ஒட்டித் தண்டோராவும் போட வேண்டும். அலுவலர் முன்னிலையில் பகிரங்கமாகக் கேட்டு, அதிகம் கேட்டவருக்கு உறுதி செய்ய வேண்டும். அறிவிப்பை அலுவலகக் கதவின் உள்பக்கம் ஒட்டினாலும் 'ஒட்டப்பட்டது' என்று எழுதிக்கொள்ளலாம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஏலம் வருடாவருடம் மார்ச் ஒட்டி வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிப்ரவரி கடைசியிலேயே போய்த் தேதி கேளுங்கள்.

சந்தையில் இன்னொரு வழக்கமான தகராறு, குத்தகைக்காரர் நிர்ணயித்ததற்கு மேல் சுங்கம் வாங்குவது. தரைக்கடைக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்ற விகிதப் பலகை நுழைவாயிலில் இருக்க வேண்டும். பலகை இல்லாத சந்தையில் சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மரங்களில் ஒரு குழப்பம்: நெடுஞ்சாலையோரப் புளியமரம் நெடுஞ்சாலைத் துறையுடையது, அந்த ஏலம் ஊராட்சிக்கு வராது.

12. மாநில நிதி ஆணையம், மத்திய நிதி ஆணையம்னு ரெண்டு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மாநில நிதி ஆணைய மானியம் என்பது தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கும் 10 சதவீதத்திலிருந்து பிரிந்து வருவது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபோது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்படி ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்று மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. ஊராட்சியின் அன்றாட ஓட்டம், அதாவது சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு, பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது.

மத்திய நிதி ஆணைய மானியம் டெல்லியிலிருந்து வருவது. 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது ஆணையம் அதற்கு நிபந்தனைகளை இறுக்கிக் கட்டியது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 என்று பிரிக்கப்பட்டது.

13. கணக்கில் லட்சக்கணக்கில் பணம் இருக்குன்னு இணையத்தில் காட்டுது. சந்துக்கு ரோடு போடச் சொன்னா பணமில்லைங்கறார் தலைவர். யார் சொல்றது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். 15ஆவது ஆணையத்தின் பணத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும் மட்டும். மீதி 40 சதவீதத்தில்தான் ரோடு, தெருவிளக்கு போன்றவை. அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆகவே குடிநீர்த் தலைப்பில் 4 லட்சம் கிடக்கும்போது ரோட்டுக்கு ஒரு பைசா இல்லாமல் இருக்கலாம்.

அதோடு, அந்த வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத வேலைக்கு அந்தப் பணத்தை எடுக்க முடியாது. உங்கள் சந்து பட்டியலில் ஏற வேண்டுமானால் திட்டம் தயாராகும் கிராம சபையில் கேட்டிருக்க வேண்டும், பட்டியல் பதிவேறிய பிறகு கேட்டால் அடுத்த வருடம்தான். தலைவர் சொல்வது சரியா என்று பார்க்க, 'எந்தத் தலைப்பில் எவ்வளவு இருப்பு?' என்று கேளுங்கள். மொத்த இருப்பைக் கேட்டால் மழுப்ப இடம் கிடைக்கும்.

14. கணக்கு எண் 1, கணக்கு எண் 2ன்னு பேசிக்கறாங்களே, அது என்ன?

வங்கிக் கணக்குகளின் பெயர்கள். கணக்கு எண் 1 ஊராட்சி நிதிக் கணக்கு. வரி, கட்டணம், ஏலம் எல்லாம் இதில் ஏறும். கணக்கு எண் 2 மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்று ஒதுக்கி வைப்பது; அதை வேறெதற்கும் தொடக் கூடாது. மற்றத் திட்டங்களுக்கு அவற்றுக்கே உரிய கணக்குகள் உண்டு. தனித்தனி உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குச் சேர்த்ததை எடுத்துக் காதுகுத்துக்குச் செலவழித்தால் தணிக்கை ஆட்சேபணை எழுதும், காதுகுத்து எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும்.

15. செக்கில் யார் கையெழுத்துப் போடணும்?

தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து. இருவருக்கும் ஆகவில்லை என்றால் ஊர் அப்படியே நின்றுவிடும்: தூய்மைக் காவலர் சம்பளத்திலிருந்து பல்பு வாங்குவது வரை. துணைத்தலைவர் வேண்டுமென்றே இழுத்தடித்தால் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர் தலையிடலாம். கையெழுத்துப் போடும் முன் துணைத்தலைவர் கேட்க வேண்டியது மூன்று: மன்றத் தீர்மான எண், பில், வேலையாக இருந்தால் அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்). மூன்றும் இருந்தும் மறுத்தால் அது முரண்டு. மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் அவரும்தான்.

மத்திய நிதி இப்போது இணைய வழியில், டிஜிட்டல் கையொப்பத்தோடு போகிறது. அந்தக் கையொப்பத்தைப் போடப் பயன்படும் மின்னணுச் சாவியை 'நீங்களே பார்த்துக்குங்க' என்று அடுத்தவரிடம் கொடுத்து வைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைக் கொடுத்து வைப்பதற்குச் சமம். பெண் தலைவர்கள் இருக்கும் ஊரில் சாவி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பார்த்தாலே ஊர் நிர்வாகம் யார் கையில் என்பது தெரிந்துவிடும்.

16. கரண்ட் பில்லே பாதிப் பணத்தைத் தின்னுடுதுங்கறாங்க. நிஜமா?

8ஆம் கேள்வியில் மோட்டார் கணக்கைப் பார்த்தோம். தெருவிளக்கையும் பாருங்கள். பழைய குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட் என்றால், 150 விளக்கு 12 மணி நேரம் எரிய 90 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 36 யூனிட். நாளுக்கு 54, மாதத்துக்கு 1,600 யூனிட்டுக்கு மேல் மிச்சம். பகலில் எரியும் விளக்கைப் படம் எடுத்துப் போடுவதைவிட, தெருவிளக்குக்குத் தனி மின்கம்பியும் நேரச் சுவிட்சும் இருக்கிறதா என்று கேட்பது பயன் தரும். தனிக் கம்பி இல்லாத தெருவில் அணைக்க ஆளே இருந்தாலும் அணைக்க முடியாது.

இணைப்புப் பட்டியலையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பழுதாகி மூடிய ஆழ்துளைக் கிணறு, இடித்துவிட்ட தொட்டி போன்றவற்றின் மின் இணைப்புக்கு வருடக்கணக்கில் நிலைக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். நின்றுபோன இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

17. ரோடு போட்டாங்க. பில்லில் இருக்கிற அளவுக்குப் போட்டாங்களான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அளவுப் புத்தகத்தை (ஊரில் 'எம் புக்') வைத்து. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் கான்கிரீட் என்றால் 45 கன மீட்டர். எம்20 தரக் கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட், மொத்தம் 360 மூட்டை. கனம் 10 செ.மீ. ஆகக் குறைந்தால் 30 கன மீட்டர்தான். 120 மூட்டை சிமெண்ட் காணாமல் போயிருக்கும். நீளத்திலும் அகலத்திலும் யாரும் கை வைக்க மாட்டார்கள், நாடா பிடித்தால் தெரிந்துவிடும். கை வைப்பது கனத்தில்.

ஓரத்தில் அளந்து ஏமாற வேண்டாம். ஓரத்தில் 15 செ.மீ. வருமாறு பலகை கட்டி, நடுவில் மண்ணைத் தூக்கி மேடாக்கிக் கான்கிரீட்டை மெல்லியதாக ஓட்டுவது பழைய தந்திரம். அதனால் கொட்டும் நாளிலேயே போய் நில்லுங்கள். பலகையிலிருந்து பலகைக்குக் கயிறு கட்டி நடுவில் ஆழத்தை அளந்தால் போதும். பிறகு இரண்டு வாரமாவது பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறார்களா என்று பாருங்கள். தண்ணீர் விடாத ரோடு அடுத்த மழைக்கே தூள் கக்கும். வேலை நடக்கும் இடத்தில் திட்டம், மதிப்பீடு எழுதிய பலகை இருக்க வேண்டும். பலகை வேலை முடிந்த பிறகு வந்தால் சந்தேகப்படலாம்.

18. கணக்கை எங்களுக்குக் காட்டுவாங்களா? எங்க பார்க்கலாம்?

காட்டியாக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை. வரவு செலவு அறிக்கை கூட்டப் பொருளில் இருக்கும். வாசித்ததும் 'படித்து ஏற்கப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். அதற்கு முன் எழுந்து கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேடு என்றே ஒன்று உண்டு, அதில் இருக்கிறது விடை. நீங்கள் கேட்டதும் வந்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து வாங்கினால் மறுத்துவிடுங்கள்.

2020இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டின் திட்டப் பட்டியலும் செலவும் வரும், உள்நுழைவு தேவையில்லை. பில், வவுச்சர், அளவுப் புத்தக நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்ட மனு: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) அனுப்பலாம். தகவல் வேறு இடத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவரே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். 'எல்லா ஆவணமும் தேவை' என்று எழுதாதீர்கள். வேலையின் பெயர், நிதியாண்டு, திட்டத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள்.

19. எம்.எல்.ஏ. நிதி, நூறு நாள் வேலைப் பணம் எல்லாம் பஞ்சாயத்துக்குத்தானே வருது? அதையெல்லாம் என்ன பண்றாங்க?

அவை ஊராட்சி நிதியில் சேர்வதில்லை. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆட்சியர் வழியாக ஒவ்வொரு வேலைக்கும் தனியாக அனுமதிக்கப்படும். வேலைத் திட்டக் கூலி நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஊரில் ஒரு கட்டடம் எழுந்தால் பலகையைப் படித்துவிட்டு, எந்த நிதி என்று பார்த்து, உரிய இடத்தில் கேள்வி கேளுங்கள்.

20. இப்ப தலைவரே இல்ல, தனி அலுவலர்தான். பணம் வருமா?

மாநில நிதியும் சொந்த வரியும் வரும். தலைவரின் அதிகாரங்களைத் தனி அலுவலர் செலுத்துவார். மத்திய மானியத்தில்தான் சிக்கல். அது தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே உரியது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்காதபோது, மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கும் என்பதால் சின்ன வேலைகூட நாள் பிடிக்கும். மனுவைத் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். கிராம சபைக் கூட்டம் அப்போதும் நடக்க வேண்டியதே.

21. வரியை ஏத்தினா ஓட்டுப் போயிடும். அந்தச் சில்லறைக் காசுக்கு ஏன் இந்தப் பாடு?

சில்லறையா என்று போட்டுப் பார்ப்போம். 600 வீடு, சராசரி வரி 200 ரூபாய், கேட்பு 1,20,000. எழுபது சதவீதம் வசூல் என்றால் 84,000. விடுபட்ட மாடி வீடுகளை அளந்து சராசரியை 300 ஆக்கி, வசூலை 95 சதவீதமாக்கினால் 1,71,000. விகிதத்தை ஒரு பைசா ஏற்றாமல் இருமடங்கு. 13ஆம் கேள்வியில் பணம் இருந்தும் செய்ய முடியாத அந்தச் சந்து வேலை, திடீரென்று எரிந்த மோட்டார், புயலில் விழுந்த மரத்தை அறுப்பது எல்லாம் இந்தக் கட்டற்ற பணத்தில்தான் அன்றைக்கே நடக்கும்.

2023 முதல் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி மூன்றையும் இணையத்தில் கட்டலாம். பணம் கட்டியவுடன் உங்கள் வரிதாரர் எண்ணுக்கு எதிரே நிலுவை பூஜ்ஜியம் என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையால் எழுதிய ரசீது தந்தால் அச்சிட்ட வரிசை எண் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதித் தந்தால் அந்தப் பணம் கணக்கு எண் 1க்குப் போகிறதா என்பது உத்தரவாதமில்லை.

22. எங்க ஊரை மாநகராட்சியோட சேர்க்கப் போறாங்களாம். நல்லதா, கெட்டதா?

ஊருக்கு ஊர் மாறும். வீட்டு வரிக்குப் பதில் நகர்ப்புறச் சொத்து வரி வரும், பெரும்பாலும் கூடுதலாக. காலிமனை வரியும் உண்டு. நூறு நாள் வேலை போன்ற ஊரகத் திட்டங்கள் நின்றுபோகும். கிராம சபை இருக்காது. பாதாளச் சாக்கடை, அகலமான ரோடு கிடைக்கும் வாய்ப்பும் உண்டு, ஆனால் எப்போது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியம்: நடப்பு வருடம் வரை வரி கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டின் அளவும் வகையும் ஊராட்சிப் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது அலுவலகத்தில் முதல் மதிப்பீடு பெரும்பாலும் இந்தப் பழைய பதிவேட்டிலிருந்துதான் தொடங்கும். அதில் இல்லாத வீடு, அங்கே போனால் அனுமதியில்லாத புதுக் கட்டடம் என்று எழுதப்படக்கூடும்.